யானைக்கால் வீக்கமா? முதலில் விரலிடுக்கைப் பாருங்கள்

என் அம்மாவின் இடது கணுக்காலின் சுற்றளவு வலதைவிட 11 சென்டிமீட்டர் அதிகம். போன ஞாயிற்றுக்கிழமை எடுத்த அளவு இது. ஆறு வருடத்துக்கு முன்னால் முதன்முதலாக அளந்தபோது 16 இருந்தது. இதற்கென்றே ஒரு தையல் டேப்பும் நாற்பது பக்க நோட்டும் வைத்திருக்கிறேன். நோட்டின் முன்பக்கத்திலிருந்து கால் அளவுகள், பின்பக்கத்திலிருந்து அந்தக் காலால் காய்ச்சல் வந்த தேதிகள். அளக்க ஆரம்பித்த வருடம் பின்பக்கத்தில் 7 தேதிகள். அடுத்த வருடம் 3. அதற்கப்புறம் வருடத்துக்கு ஒன்று வந்தாலே அதிகம். கடைசித் தேதிக்குப் பிறகு 19 மாதம் ஓடிவிட்டது.

இத்தனைக்கும் நாங்கள் முக்கியமாகச் செய்தது, தினமும் காலைக் கழுவி ஈரம் போகத் துடைத்ததும், விரலிடுக்குப் புண்ணுக்கு மருந்து போட்டதும்தான். எப்படிக் கழுவுவது, எப்படித் துடைப்பது, காய்ச்சல் வந்துவிட்டால் என்ன செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று, இப்படி ஒரு காலை வீட்டில் வைத்துக்கொண்டு தவிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. யானைக்கால் நோய்க்கான ஃபைலேரியா கிளினிக்கில் ஒரு நர்சம்மா பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவள்.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம், அரசலாற்றங்கரை. அம்மா பதினைந்து வயதிலிருந்து நடவுக்குப் போனவள். என் சின்ன வயதில் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேருக்குப் பெரிய கால் இருந்தது. சாக்கடையிலும் தேங்கிய அழுக்குத் தண்ணீரிலும் பெருகும் க்யூலெக்ஸ் கொசு கடித்து உடம்பில் ஏறும் ஒரு புழுவால் வருவது என்பது பள்ளிக்கூடத்திலேயே தெரியும். ராத்திரி பத்து மணிக்கு மேல் சுகாதாரத் துறைக்காரர்கள் வந்து கதவைத் தட்டி விரல் நுனியில் ரத்தம் எடுப்பார்கள். அந்தப் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் சுற்றும். 1990களின் கடைசியிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை அந்தப் புழுவுக்கான டிஇசி மாத்திரை கொடுத்தார்கள். அம்மாவும் விழுங்கினாள். பிறகு எடுத்த ரத்தத்தில் புழு இல்லை என்று வந்தது. ஆனாலும் கால் பெருத்துக்கொண்டே போனது. நாங்கள் குழம்பிப்போன இடம் அதுதான். புழு போன பிறகும் ஏன் கால் வீங்குகிறது?

அதைப் புரிந்துகொள்ள உடம்புக்குள் ஓடும் இன்னொரு வாய்க்காலைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

ரத்தக் குழாய்களிலிருந்து தண்ணீர் சதைக்குள் கசிந்துகொண்டே இருக்கும். அப்படிக் கசிந்த நீரையும் அதிலிருக்கும் புரதத்தையும் வாரிக்கொண்டு போய் மறுபடி ரத்தத்தில் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. நூலைவிட மெல்லிய குழாய்கள் நிறைய உண்டு. இதயம் மாதிரி இவற்றுக்குத் தனியாக ஒரு பம்பு கிடையாது. குழாயின் சுவர் தானாகக் கொஞ்சம் சுருங்கும். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் சதை அழுத்தும். உள்ளே இருக்கிற சின்னச் சின்ன வால்வுகள் நீர் கீழே திரும்பாமல் தடுக்கும். வழியில் தொடையிடுக்கு, அக்குள், கழுத்து ஆகிய இடங்களில் சோதனைச்சாவடி மாதிரி கணுக்கள் இருக்கின்றன. காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது என்போமே, அந்த நெறி இந்தக் கணுதான். காலிலிருந்து வரும் கிருமியை அங்கே மடக்கிப் பிடிப்பதால் வீங்குகிறது.

யானைக்கால் புழு வருடக்கணக்கில் குடியிருப்பது இந்தக் குழாய்க்குள். அது இருக்கும்போதே குழாய் விரிந்து, வால்வுகள் பழுதாகிவிடும். அப்புறம் புழு செத்தாலும் பழைய குழாய் திரும்பக் கிடைப்பதில்லை. நீர் காலில் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் கிருமியை எதிர்க்கும் சக்தியும் குறைவு. அந்தக் காலில் ஊசி முனை அளவுக்குத் தோல் விட்டிருந்தால் போதும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மாதிரியான பாக்டீரியா உள்ளே போய்ப் பெருகிவிடும். உடனே குளிர், காய்ச்சல், நெறி, கால் முழுக்க எரிச்சல். ஒவ்வொரு காய்ச்சலும் மிச்சமிருக்கிற நல்ல குழாய்களில் கொஞ்சத்தைக் கெடுத்துவிட்டுப் போகும். அதனால் வீக்கம் கூடும். வீங்கினால் தோல் மடியும், மடிப்பில் ஈரம் நிற்கும், ஈரத்தில் பூஞ்சை வரும், பூஞ்சையால் தோல் வெடிக்கும், வெடிப்பு வழியாகக் கிருமி மறுபடி உள்ளே போகும். செக்குமாடு மாதிரி ஒரே இடத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது இந்த நோய்.

பிரேசிலில் ரெசிஃபி என்ற ஊரில் ஜெரூசா டிரேயர் என்ற டாக்டரும், கேரளத்தில் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஷெனாயின் குழுவும் 1990களிலேயே இதைக் கவனித்து, காலைச் சுத்தமாகப் பராமரித்தாலே காய்ச்சல் குறைகிறது என்று காட்டியிருக்கிறார்கள். எங்களுக்கு இது தெரிய வந்தது அதற்கு எத்தனையோ வருடம் கழித்து. அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. நடுவில் அம்மா படுத்த நாட்களை யார் திருப்பித் தருவார்கள்?

டார்ச்சை எடுங்கள்

முதல் நாள் கிளினிக்கில் நர்சம்மா அம்மாவின் வீக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்ததோடு சரி. அப்புறம் கீழே உட்கார்ந்து ஒரு டார்ச்சை அடித்து, கடைசி இரண்டு விரல்களைப் பிரித்தார். நானும் குனிந்து பார்த்தேன். சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில் தோல் வெள்ளையாக, ஊறவைத்த அவல் மாதிரி நைந்து கிடந்தது. லேசாக விலக்கியதும் அடியில் ஒரு கோடு போல வெடிப்பு, உள்ளே இளஞ்சிவப்பாகச் சதை. கொஞ்சம் நாற்றமும் இருந்தது.

"அது சேத்துப்புண்ணும்மா. நடவுக்குப் போன நாள்லேருந்து இருக்கு" என்றாள் அம்மா.

"உங்க காய்ச்சல் அத்தனையும் இது வழியாத்தாம்மா உள்ள போயிருக்கு" என்றார் நர்சம்மா.

முப்பது வருடமாக அம்மா மருந்து போட்டதெல்லாம் வீக்கத்துக்கு. சேற்றுப்புண் எல்லாருக்கும் வருவது, அதற்குப் போய் டாக்டரா என்று விட்டுவிட்டோம். வீக்கம் இல்லாத காலுக்கு அது வெறும் அரிப்பு. நிணநீர் தேங்கிய காலுக்கு அது பெரிய ஆபத்து.

ஆகவே முதல் வேலை பார்ப்பது. வெளிச்சமான இடத்தில் உட்கார வைத்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு விரலிடுக்கையும் மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். விரல் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். ஈரத் துணியை வைத்து இளகவிட்டுப் பிரியுங்கள். அப்புறம் குதிகாலின் பித்தவெடிப்பு, நக ஓரங்கள், கணுக்கால் மடிப்பின் ஆழம், சொறிந்த கீறல், கொசுக்கடி. தனியாக இருப்பவர்கள் பாதத்தின் அடிப்பக்கத்தைத் தரையில் ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், செருப்புக்குள் கல் இருந்தாலும் தெரியாது. அவர்கள் காலை வேறு யாராவது தினமும் பார்த்தே ஆக வேண்டும்.

கழுவுவது

வேண்டியது ஒரு அகலமான பேசின், ஒரு மக், ஒரு முக்காலி, சாதாரண குளியல் சோப், இரண்டு பருத்தித் துணி. வாசனை குறைவான சோப்பாக இருந்தால் நல்லது. கிருமிநாசினித் திரவத்தை மூடி மூடியாக ஊற்றிக் கழுவ வேண்டாம். தோல் காய்ந்து வெடிக்கும்.

தண்ணீர் சாதாரணமாக, குழாயில் வருகிற பதத்தில் இருந்தால் போதும். வெந்நீர் கூடாது. எங்கள் வீட்டில் இதற்கே ஒரு மாதம் சண்டை நடந்தது. வலிக்கிற காலுக்கு வெந்நீர்தான் இதம் என்று அம்மாவுக்கு அவ்வளவு நம்பிக்கை. சூடு பட்டால் ரத்த ஓட்டம் கூடி இன்னும் நீர் கசியும், ஏற்கெனவே அடைத்த வாய்க்காலில் அதை யார் வாங்கிக்கொள்வது என்று நர்சம்மா கேட்ட பிறகுதான் விட்டாள்.

முதலில் உங்கள் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். காலை முழங்காலிலிருந்து நனையுங்கள். சோப்பைக் காலில் நேரடியாகத் தேய்க்காமல் உள்ளங்கையில் நுரை எழுப்பி, அந்த நுரையால் மேலிருந்து கீழாகத் தடவி வாருங்கள். பீர்க்கங்கூடு, நார், பிரஷ், கல் எதுவும் கிட்டவே வரக் கூடாது. குதிகாலைக் கல்லில் உரசுவது நம் எல்லாருக்கும் பழக்கம். இந்தக் காலுக்கு அது வேண்டாம். மடிப்புகளுக்குள் விரலை விட்டு மெதுவாகத் தேய்க்க வேண்டும். விரலிடுக்குக்கு என் சுண்டுவிரல் நுழையாததால், மெல்லிய பருத்தித் துணியை நாடாவாகக் கிழித்து, நுரையில் நனைத்து, இடுக்கில் கொடுத்து முன்னும் பின்னும் மெதுவாக இழுப்பேன். அதற்கப்புறம் நல்ல தண்ணீரை மக்கால் ஊற்றி, கீழே விழுகிற தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலச வேண்டும். மடிப்பில் நிற்கும் சோப்பும் அரிப்பைக் கொடுக்கும்.

காலைத் தண்ணீரில் நெடுநேரம் ஊற வைக்காதீர்கள். அடுத்த காலையும் இதே மாதிரி கழுவுங்கள். அது நன்றாக இருக்கிறதே என்று நாங்கள் முதலில் விட்டுவிட்டோம். அந்த இடுக்கிலும் சேற்றுப்புண் இருந்தது.

துடைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது

கழுவுவதற்குப் பத்து நிமிஷம் என்றால் துடைப்பதற்குப் பதினைந்து நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாக இருந்தால் கழுவுவதை நாளைக்குத் தள்ளிப்போடலாம். கழுவிவிட்டு ஈரத்தோடு விடுவது மட்டும் கூடாது.

பழைய பருத்தி வேட்டி அல்லது நூல் புடவையைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கிற தடித்த டவல் விரலிடுக்கில் போகாது, சொரசொரப்பும் அதிகம். துணியால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். மேலே தொடங்கி, ஒவ்வொரு மடிப்பையும் விரித்து, ஒற்றி, கொஞ்ச நேரம் விரித்தபடியே பிடித்திருங்கள். விரலிடுக்குக்கு மறுபடியும் அந்த நாடாதான், இந்த முறை காய்ந்தது. ஒவ்வோர் இடுக்குக்கும் நாடாவின் புதுப் பகுதி. முடிந்ததும் காலை முக்காலி மேல் வைத்து ஃபேனுக்கு நேராகப் பத்து நிமிஷம் காட்டுங்கள். அந்த நேரத்தில் அம்மா கீரை ஆய்வாள்.

சரியாகக் காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். டிஷ்யூ பேப்பர் இருந்தால் ஒரு துண்டை இடுக்கில் வைத்து எடுங்கள். பேப்பர் ஒட்டினால், நிறம் மாறினால், இன்னும் ஈரம் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் துணியே காயாது. அந்த இரண்டு மாதமும் நாடாக்களை நான் இஸ்திரி போட்டு எடுத்து வைப்பேன். எங்கள் நோட்டில் பழைய காய்ச்சல் தேதிகளில் பாதிக்கு மேல் அந்த இரண்டு மாதத்தில்தான் விழுந்திருக்கின்றன.

எந்தக் களிம்பு

சேற்றுப்புண்ணுக்குப் பூஞ்சைக் களிம்பு. அரசு ஆஸ்பத்திரிகளில் விட்ஃபீல்டு களிம்பு கொடுப்பார்கள். இல்லையென்றால் கிளோட்ரிமசோல், மைக்கோனசோல் மாதிரி ஏதாவது எழுதித் தருவார்கள். இடுக்கு முழுக்கக் காய்ந்த பிறகு மெல்லிசாகத் தடவ வேண்டும். வெள்ளை போய்த் தோல் கூடிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள், அதற்குப் பிறகும் இரண்டு வாரம் போட வேண்டும். பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் இருந்துவிட்டுத் திரும்ப வரும்.

ஒருமுறை களிம்பு தீர்ந்துபோய், மருந்துக் கடையில் "சேத்துப்புண்ணுக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு வாங்கினேன். மூன்றே நாளில் அரிப்பு போய்விட்டது. அவ்வளவு சந்தோஷம் எங்களுக்கு. மூன்றாவது வாரம் புறங்காலில் வட்டம் வட்டமாகப் படை பரவியது, நாலாவது வாரம் காய்ச்சல். கிளினிக்கில் ட்யூபைத் திருப்பிப் பார்த்த டாக்டர், பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்தது என்றார். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிக்கொண்டே பூஞ்சையை வளரவிடும், தோலையும் மெலிய வைக்கும். ட்யூபின் மேல் குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்கள் இருந்தால் டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள். சீட்டு இல்லாமலே இவை கிடைத்துவிடுகின்றன என்பதுதான் கொடுமை.

விரலிடுக்கு தவிர மற்ற இடத்தில் தோல் காய்ந்து செதில் செதிலாக இருந்தால் தேங்காய் எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். இடுக்கிலும் மடிப்பிலும் எண்ணெய் வேண்டாம். மருதாணி அரைத்து வைப்பது எங்கள் பக்கம் நடவுக்குப் போகிற எல்லாப் பெண்களுக்கும் பழக்கம்; அம்மாவும் வைத்தவள். ஆனால் அரைத்த விழுது ராத்திரி முழுக்க இடுக்கில் ஈரமாக நிற்கும். வெடித்த தோலில் அது வேண்டாம் என்று நர்சம்மா சொன்னார், நிறுத்திவிட்டோம்.

நகத்தை நேராக வெட்டுங்கள். மூலையைத் தோண்டாதீர்கள்.

காலைத் தூக்கி வைப்பது, அசைப்பது, செருப்பு

நீர் மேலே ஏற வேண்டும் என்றால் கால் உயரத்தில் இருக்க வேண்டும். கட்டிலின் கால்மாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்தோம். ராத்திரி முழுக்க உயரத்தில் இருக்கிறது, தலையணை மாதிரி நழுவுவதில்லை. பகலில் உட்காரும்போது காலைத் தொங்கப்போடாமல் எதிரே ஒரு ஸ்டூலில் நீட்டி, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. இதயக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கட்டிலை உயர்த்துவதற்கு முன்னால் டாக்டரைக் கேட்க வேண்டும்.

அசைக்கிற பயிற்சி சுலபம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது, உட்கார்ந்து பாதத்தைச் சுழற்றுவது, விரல்களை மடக்கி நீட்டுவது. ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து தடவை, நாளைக்கு இரண்டு மூன்று வேளை. கெண்டைச் சதைதான் பம்பு என்று மேலே சொன்னேனே, அதை ஓட்டுவது இப்படித்தான்.

வீட்டுக்குள்ளும் செருப்பு போட வேண்டும். காற்றுப் போகிற, அகலமான, அழுத்தாத செருப்பு. பிளாஸ்டிக் ஷூ வேர்க்கும். அழுத்தக் கட்டு கட்டுவதைப் படம் பார்த்துச் செய்யாதீர்கள். யாராவது தெரிந்தவரிடம் கையில் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். பாதத்தில் இறுக்கமாகத் தொடங்கி மேலே போகப்போகத் தளர வேண்டும். தலைகீழாகக் கட்டினால் நீர் பாதத்திலேயே மாட்டிக்கொள்ளும். புண்ணோ காய்ச்சலோ இருக்கும்போது கட்டே கூடாது. சர்க்கரையால் காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் கட்டக் கூடாது.

காய்ச்சல் வந்துவிட்டால்

அம்மா அதை நெறிக் காய்ச்சல் என்பாள். மத்தியானம் வரைக்கும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள் மூன்று மணிக்குப் போர்வை கேட்பாள். பல் தந்தியடிக்கும். நாலு மணிக்கு உடம்பு கொதிக்கும். தொடையிடுக்கில் எலுமிச்சங்காய் அளவுக்கு நெறி கட்டிக் காலை நீட்டவோ மடக்கவோ முடியாது.

கால் சிவந்திருக்கிறதா என்று எல்லாரும் கேட்பார்கள். நம் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. அம்மாவின் காலில் அந்த இடம் கறுத்து, தோல் இழுத்துக் கட்டினாற்போல மினுமினுக்கும். புறங்கையை வைத்துப் பாருங்கள், அடுத்த காலைவிட அந்த இடம் சுடும். சுடுகிற எல்லை எதுவோ, அதைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். சில மணி நேரம் கழித்துச் சூடு கோட்டைத் தாண்டியிருந்தால் பரவுகிறது என்று அர்த்தம். டாக்டரிடம் காட்டும்போது நூறு வார்த்தைக்கு அந்த ஒரு கோடு சமம். புழு சாகும்போதும் நெறி வீங்குவது உண்டு. அப்போது கயிறு மாதிரி ஒரு தடிப்பு மேலிருந்து கீழாக இறங்கும், காய்ச்சலும் பெரும்பாலும் லேசாகத்தான் இருக்கும். கிருமியால் வருவது கால் முழுக்கப் பற்றிக்கொள்ளும். எது எதுவென்று டாக்டர் முடிவு செய்யட்டும்.

அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஆன்டிபயாடிக் சீக்கிரம் தொடங்கினால் குழாய்களுக்குச் சேதம் குறைவு. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். கொடுத்த மாத்திரையை, காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல் சொன்ன நாள் வரைக்கும் போட வேண்டும். வீட்டில் செய்ய வேண்டியது: படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியைக் காலில் போட்டு, சூடானதும் மாற்றுங்கள். தண்ணீர், கஞ்சி, மோர் நிறையக் கொடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். முடிந்தால் மெதுவாகக் கழுவித் துடைப்பதை விடாதீர்கள்.

செய்யக் கூடாதது இன்னும் முக்கியம். உருவிவிடக் கூடாது. பயிற்சி கூடாது. கட்டு கூடாது. கொப்புளத்தைக் குத்தக் கூடாது, கீறி ரத்தம் எடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் டிஇசி மாத்திரையையும் விழுங்கக் கூடாது. ஒத்தடம் கூடவே கூடாது. உறவுக்காரர் ஒருவர் அக்கறையோடுதான் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். ஏற்கெனவே வெந்துகொண்டிருந்த தோலில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் கிளம்பியது. அது ஆற 40 நாள் ஆனது. அந்த 40 நாளும் அம்மா திண்ணைக்கு வரவில்லை.

இன்னொன்று, அக்கி. கால் தடித்துக் கொதித்தால் எங்கள் பக்கம் அக்கி என்று சொல்லி, காவியால் எழுத அழைத்துப்போவார்கள். எழுதிக்கொள்வதால் மனசுக்கு நிம்மதி என்றால் நான் தடுக்க மாட்டேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். மூன்று நாள் எழுதிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்ததில் ஒருமுறை அம்மாவின் நினைவே தடுமாறிவிட்டது.

வாந்தி, பிதற்றல், மயக்கம், மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, தோல் கருகினாற்போல ஆவது, தாங்கவே முடியாத வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். ஆன்டிபயாடிக் தொடங்கி ஒன்றிரண்டு நாளிலும் காய்ச்சல் இறங்காவிட்டாலும், சீழ் தெரிந்தாலும் அப்படித்தான்.

எவ்வளவு கவனித்தும் அடிக்கடி வருகிறவர்களுக்குப் பெனிசிலினை நீண்ட நாள் கொடுத்துத் தடுக்கும் முறை ஒன்று உண்டு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 274 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று 2013ல் வெளியானது. காலில் இந்தக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்த அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒரு வருடம் தினமும் பெனிசிலின் சாப்பிட்டார்கள். மறுபடி வந்தது 22 சதவீதம் பேருக்கு. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 37 சதவீதம். ஆனால் மருந்தை நிறுத்தியதும் அந்தப் பாதுகாப்பும் மெல்லப் போய்விட்டது. எங்கள் டாக்டர் அம்மாவுக்கு முதல் வருடம் மட்டும் ஊசியாகப் போட்டார். விரலிடுக்கு முழுக்க ஆறியதும் நிறுத்திவிட்டார்.

கையில் வீக்கம் உள்ளவர்களுக்கும் இதே கதைதான். என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய்க்காக ஆபரேஷன் செய்தபோது அக்குள் கணுக்களையும் எடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து ரோஜாச் செடியில் முள் கீறி, மறுநாளே கை முழங்கை வரைக்கும் தடித்துக் காய்ச்சல் வந்தது. குழாயைக் கெடுத்தது புழுவானாலும் கத்தியானாலும் தோலைக் காக்க வேண்டிய முறை ஒன்றுதான். இப்போது சித்தி செடி வெட்டவும் பாத்திரம் தேய்க்கவும் கையுறை போடுகிறாள். மீன் ஆய்வதைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டாள்.

கழுவுவதற்கான பேசின், மக், சோப், துணி, களிம்பு எல்லாம் சேர்ந்த ஒரு பெட்டியை யானைக்கால் நோயாளிகளுக்கு அரசு இலவசமாகத் தருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு பதியாமல் இருப்பவர்கள் நிறைய. அம்மாவே புடவையைத் தரை வரைக்கும் இழுத்துவிட்டுத்தான் வெளியே போவாள். கல்யாணத்துக்குப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. தொட்டால் ஒட்டாது என்று தெரிந்தவர்களே தள்ளி உட்காரும்போது அவள் என்ன செய்வாள்?

இப்போது பெரும்பாலும் அவளே கழுவிக்கொள்கிறாள். எனக்கு மிச்சம் இருப்பது சுண்டுவிரல் இடுக்கும் குதிகாலின் பின்பக்கமும். ராத்திரி எட்டு மணி சுமாருக்கு முக்காலியில் உட்கார்ந்து, "டார்ச்சை எடுத்துட்டு வாடி" என்று கூப்பிடுவாள்.